புதிய தொலைக்காட்சியில் நல்ல படம் பெறுவது எப்படி: தொடக்கத்திலிருந்து ஒரு வழிகாட்டி

43 அங்குல 4கே தொலைக்காட்சி ஒன்றை வாங்கி திருகோணமலை உப்புவெளியிலுள்ள எங்கள் வீட்டில் இயக்கிய முதல் இரவே, செய்தி வாசிப்பவரின் முகம் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்தவர் முகம்போல் இருக்கிறது என்று அம்மா சொல்லிவிட்டார். கடையில் கண்ணைப் பறித்த அதே பெட்டி, வீட்டில் கிரிக்கெட் புல்வெளியைப் பச்சைச் சாயம் ஊற்றியதுபோலவும் மனிதர்களின் உருவத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு இழுத்ததுபோலவும் காட்டியது. மூன்று வாரம் ரிமோட்டுடன் மல்லுக்கட்டினேன். திருத்துநர் ஒருவரை விசாரித்தபோது வீட்டுக்கு வந்து பார்க்க மட்டும் 3,500 ரூபாய் கேட்டார். அவரை அழைக்கவிருந்த நாளுக்கு முதல்நாள் இரவுதான், பெட்டியில் ஒரு குறையும் இல்லை, நான்தான் வேலையைத் தலைகீழாகத் தொடங்கியிருக்கிறேன் என்பது விளங்கியது.

நான் செய்த தவறு, கேபிளையும் டிகோடரையும் (டிஷ் சமிக்ஞையைப் படமாக்கித் தொலைக்காட்சிக்கு அனுப்பும் சிறு பெட்டி) பார்க்காமல் நேரே நிற எண்களில் கைவைத்ததுதான். ஆகவே கீழே உள்ள படிகளை அதே ஒழுங்கில் செய்யுங்கள். மொத்த வேலைக்கு இரண்டு மாலைகள் போதும்: முதல் மாலை 1 முதல் 4 வரை, இரண்டாம் மாலை மிகுதி.

1. சுவரில் மாட்டுவதற்கு முன் ஆவணங்களைத் தயார் செய்யுங்கள்

பெட்டியின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண்ணும் தொடர் எண்ணும் இருக்கும். சுவரில் மாட்டிய பின் அந்த ஸ்டிக்கரைப் பார்க்க இரண்டு பேர் சேர்ந்து பெட்டியைக் கழற்ற வேண்டிவரும் என்பதால், மாட்டுவதற்கு முன்பே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் தந்த பற்றுச்சீட்டு, கடை முத்திரையும் திகதியும் இடப்பட்ட உத்தரவாத அட்டை, கையேடு ஆகிய மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். பற்றுச்சீட்டு பளபளப்பான வெப்பத்தாளில் அச்சிடப்பட்டதாயின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். அதையும் படம் எடுத்துவிடுங்கள். உத்தரவாத அட்டையில் முத்திரை இல்லாவிட்டால் அந்த வாரமே கடைக்குப் போய்ப் போடுவித்துக்கொள்வது நல்லது. ஆறு மாதம் கழித்துப் போனால் உங்களுக்கு விற்றவர் அங்கு இருக்கமாட்டார்.

மாடல் எண் இன்னொன்றுக்கும் தேவை. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களில்கூட மெனு வேறுபடும். உங்களுடைய மெனுவில் எது எங்கே இருக்கிறது என்பதைக் கையேட்டிலோ இணையத்திலோ தேட அந்த எண் இல்லாமல் முடியாது.

2. இடத்தையும் வெளிச்சத்தையும் முதலில் தீர்மானியுங்கள்

கடற்கரைப் பக்கத்து வீடுகளில் காலை வெயில் கிழக்கு யன்னலால் நேரே வீட்டுக்குள் விழும். அந்த யன்னலுக்கு எதிர்ச்சுவரில் பெட்டியை மாட்டினால், காலை பத்து மணிவரை நீங்கள் பார்ப்பது நிகழ்ச்சியை அல்ல, யன்னல் கம்பிகளின் நிழலைத்தான். எந்தச் செட்டிங்கும் அதைத் தீர்க்காது. யன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரைத் தெரிவு செய்யுங்கள்; வேறு வழியில்லாவிட்டால் தடித்த திரைச்சீலை போடுங்கள்.

உயரத்தில்தான் எங்கள் ஊரில் அதிகம் பிழை விடுகிறார்கள். சாமிப் படம் மாட்டுவதுபோல் கதவு நிலைக்கு மேலே மாட்டிவிடுகிறார்கள். இருக்கையில் இருக்கும்போது உங்கள் கண்ணும் திரையின் நடுப்பகுதியும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பல திரைகளில் கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ பார்த்தால் கறுப்பு சாம்பலாகும், நிறம் வெளிறும். 43 அங்குலத் திரைக்கு முன்னால் ஏறக்குறைய ஆறு அடி தூரம் பொருத்தமானது. பன்னிரண்டு அடிக்கு அப்பால் இருந்து பார்ப்பவருக்கு 4கே படமும் அதைவிடக் குறைந்த எச்.டி. படமும் ஒன்றுபோலவே தெரியும்.

3. கேபிளையும் டிகோடரையும் சரிபாருங்கள்

என் மூன்று வாரத்தில் பாதியை விழுங்கியது இந்தப் படிதான். பழைய தொலைக்காட்சியைக் கழற்றிய கையோடு, அதில் செருகியிருந்த சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர்களை அப்படியே புதியதில் செருகியிருந்தேன். டிகோடர் எச்.டி. டிகோடர்தான், மாதச் சந்தாவும் எச்.டி. பொதிக்குத்தான். ஆனால் படத்தைக் கொண்டுபோகும் அந்த மஞ்சள் வயரால் பழைய தரத்துப் படத்தை மட்டுமே கடத்த முடியும். எச்.டி.க்குப் பணம் கட்டிக்கொண்டு 576 வரிப் படத்தைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் டிகோடரின் பின்புறத்தைப் பாருங்கள். மேற்பக்கம் அகன்று கீழ்ப்பக்க மூலைகள் சரிந்த, தட்டையான துவாரம் ஒன்று இருந்தால் அதுதான் எச்.டி.எம்.ஐ. போர்ட். அதற்கும் தொலைக்காட்சியிலுள்ள அதேபோன்ற போர்ட்டுக்கும் இடையே எச்.டி.எம்.ஐ. கேபிளைப் போடுங்கள், மஞ்சள் வயரைக் கழற்றிவிடுங்கள். கேபிளுக்குப் பெருந்தொகை கொடுக்கத் தேவையில்லை. இரண்டு மீற்றர் கேபிள் ஒன்றை நான் நகரில் 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். அதே கடையில் ஐந்து மடங்கு விலையுள்ள ஒன்றையும் காட்டினார்கள். எண்முறைச் சமிக்ஞை ஆகையால் விலை கூடிய கேபிள் படத்தை அழகாக்காது. கேபிள் பழுதென்றால் படம் விட்டுவிட்டு வரும், புள்ளிகள் மின்னும், அல்லது திரை இருளும். நிறம் மட்டும் மங்குவது கேபிளின் குற்றமாக இருக்க வாய்ப்பில்லை. தங்க முலாம் பூசிய முனை படத்தின் தரத்தைக் கூட்டாது என்றாலும், உப்புக்காற்று அடிக்கும் எங்கள் பக்கத்தில் களிம்பு ஏறாமல் இருப்பதற்கு உதவும். அவ்வளவுக்குத்தான் அதன் பெறுமதி.

அடுத்து டிகோடரின் சொந்த மெனுவுக்குப் போங்கள். தொலைக்காட்சி ரிமோட்டையல்ல, டிகோடர் ரிமோட்டை எடுக்க வேண்டும். அங்கே வீடியோ அல்லது டிஸ்ப்ளே என்ற பகுதியில் ரெசலூஷன், அதாவது படத்தின் வரி எண்ணிக்கை, 576 என்று இருந்தால் 1080க்கு மாற்றுங்கள். வினாடிக்கு எத்தனை முறை படம் மாற வேண்டும் என்பதற்கு 50 ஹேர்ட்ஸ், 60 ஹேர்ட்ஸ் என்று இரண்டு தெரிவுகள் இருந்தால் 50ஐ எடுங்கள், ஏனெனில் இலங்கையின் ஒளிபரப்பு அந்தக் கணக்கில்தான் வருகிறது. 60இல் விட்டால் செய்தியின் அடியில் ஓடும் எழுத்துவரி நொண்டி நொண்டி ஓடும். படவிகிதம் 16:9 ஆக இருக்க வேண்டும். 4:3இல் விட்டுவிட்டுத் தொலைக்காட்சியால் இழுத்துவைத்தால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள்.

பிறகு கிரிக்கெட் போட்டி ஒன்றைப் போட்டு, திரையின் ஓரத்தில் உள்ள ஓட்ட எண்ணிக்கைப் பட்டியைப் பாருங்கள். அதன் விளிம்பு வெட்டுப்பட்டிருந்தால் தொலைக்காட்சி படத்தைச் சிறிது பெருப்பித்துக் காட்டுகிறது என்று பொருள். பிக்சர் சைஸ் அல்லது ஆஸ்பெக்ட் ரேஷியோ என்ற இடத்தில், நிறுவனத்துக்கேற்ப ஸ்கிரீன் ஃபிட், ஜஸ்ட் ஸ்கான், ஃபுல் பிக்சல் என்று வெவ்வேறு பெயரில் ஒரு தெரிவு இருக்கும். அதை இயக்கினால் ஓரங்கள் திரும்பி வருவதோடு படமும் ஒருபடி கூர்மையாகும்.

கூரை அன்ரனாவில் சாதாரண அலைவரிசை பார்ப்பவர்கள் மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். அந்த ஒளிபரப்பில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576தான்; உங்கள் 4கே திரையில் இருப்பவை 2160. மீதியைத் தொலைக்காட்சி ஊகித்து நிரப்புகிறது. பழைய 21 அங்குலப் பெட்டியில் தெளிவாகத் தெரிந்த சக்தி, வசந்தம் அலைவரிசைகள் புதியதில் குழைந்து தெரிவதற்குக் காரணம் இதுவே. இதற்காகப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். அன்ரனா வயரின் முனையைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பியில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டுப் புதிய முனை போடுங்கள். எங்கள் வீட்டு அன்ரனாப் படத்தில் புள்ளிகள் குறைந்தது அதற்குப் பின்புதான்.

4. கடை மோட்டிலிருந்து வீட்டு மோட்டுக்கு மாற்றுங்கள்

என் மூன்று வாரத்தின் மறுபாதி இங்கே போனது. இரவில் அரைமணி நேரம் இருந்து நிறத்தைத் திருத்துவேன்; தேநீர் போட்டுக்கொண்டு திரும்பி வந்தால் படம் பழையபடி கண்ணைக் குத்தும். பெட்டி பழுது என்றே நினைத்தேன். காட்சிக்கு வைத்த பெட்டிகளைப் பலரும் நோண்டுவார்கள் என்பதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே பழைய பிரகாசத்துக்குத் திரும்பும் ஒரு மோட் தொலைக்காட்சிகளில் உண்டு. ஸ்டோர், ரீட்டெயில், ஷொப், டெமோ என்று பல பெயர்கள் அதற்கு. முதன்முறை இயக்கும்போது வீடா கடையா என்று கேட்கும் கேள்விக்கு யாரோ கடை என்று அழுத்தியிருந்தார்கள்.

பொதுச் செட்டிங்ஸ் அல்லது சிஸ்டம் பகுதியில் யூசேஜ் மோட் என்பதுபோன்ற பெயரில் தேடி, ஹோம் என்று மாற்றுங்கள். திரையின் மூலையில் தொலைக்காட்சியின் சிறப்புகளை விளம்பரப்படுத்தும் பட்டி தோன்றிக்கொண்டே இருந்தால், கடை மோட் இன்னும் அணையவில்லை.

இந்தக் கட்டத்தில் மெனுவின் மொழியை ஆங்கிலத்திலேயே விட்டுவையுங்கள். உதவிக் காணொளிகளில் சொல்லும் பெயர்கள் அப்போதுதான் பொருந்தும். வேலை முடிந்தபின் மொழியை உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்.

5. பிக்சர் மோட்டைத் தெரிவு செய்யுங்கள்

நேரம் இல்லாதவர்கள் இந்த ஒரு படியை மட்டும் செய்தாலும் முக்கால்வாசி வேலை முடிந்தது. விவிட் அல்லது டைனமிக் என்ற மோட்டை விட்டு வெளியே வாருங்கள். சினிமா, மூவி, ஃபிலிம்மேக்கர் ஆகியவற்றில் எது உங்கள் பெட்டியில் இருக்கிறதோ அதற்குப் போங்கள். பகலில் வெளிச்சமான மண்டபத்தில் பார்ப்பவர்களுக்கு ஸ்டாண்டர்ட் பரவாயில்லை. ஸ்போர்ட்ஸ் மோட் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்; அது பெரும்பாலும் விவிட்டின் தம்பிதான்.

மாற்றிய உடனே படம் மங்கலாகவும் சற்று மஞ்சளாகவும் தெரியும். மங்கலாகத் தெரிவதற்கு வழி அடுத்த படியில் இருக்கிறது. மஞ்சளாகத் தெரிவது கண்ணின் பழக்கம். மூன்று நான்கு நாள் பொறுங்கள். எங்கள் வீட்டில் ஐந்தாம் நாள் பழைய மோட்டுக்கு ஒரு நிமிடம் மாற்றிக் காட்டியபோது, முதலில் எதிர்த்த தம்பியே நீலமாக இருக்கிறது, மாற்றுங்கள் என்றான்.

6. ஒளி: மூன்று எண்கள், மூன்று வேறு வேலைகள்

இந்தப் படியை இரவில், நீங்கள் வழமையாக எரியவிடும் விளக்கை மட்டும் எரியவிட்டு, தொலைக்காட்சியை அரைமணி நேரம் ஓடவிட்ட பின் செய்யுங்கள். தொடங்குவதற்கு முன் எனர்ஜி சேவிங், எகோ, அம்பியன்ட் லைட் சென்சர் ஆகியவற்றை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கூட்டக் கூட்ட அது குறைத்துக்கொண்டிருக்கும். காட்சிக்குக் காட்சி ஒளியைத் தானாக மாற்றும் டைனமிக் கொன்ட்ராஸ்ட்டும் அணைந்திருக்கட்டும்.

பேக்லைட் என்பது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கின் வலு. கண் கூசாத அளவுக்கு வைத்துக்கொள்ள வேண்டியது இது. பகலில் கூட்டலாம், இரவில் குறைக்கலாம். சினிமா மோட் மங்கலாக இருக்கிறது என்பவர்கள் கூட்ட வேண்டியது இதைத்தான். பெரும்பாலானோர் இதை விட்டுவிட்டுப் பிரைட்னஸைக் கூட்டிக் கறுப்பைச் சாம்பலாக்குகிறார்கள்.

பிரைட்னஸ் என்பது பெயருக்கு மாறாக, கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. மேலும் கீழும் கறுப்புப் பட்டையுடன் வரும் திரைப்படம் ஒன்றின் இரவுக் காட்சியை நிறுத்திவையுங்கள். பிரைட்னஸைக் கூட்டிக்கொண்டு போனால் அந்தப் பட்டை சாம்பல் நிறத்துக்கு மாறும். அங்கிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்து, பட்டை மீண்டும் கறுப்பாகும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது கறுத்த தலைமுடியை அருகில் காட்டும் காட்சி ஒன்றைப் பாருங்கள். முடி இழைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தலையில் தார் ஊற்றியதுபோல் ஒரே திட்டாக இருந்தால் ஒன்றிரண்டு எண் அதிகமாகக் குறைத்துவிட்டீர்கள். ஒரு பொறி: சோனி போன்ற சில நிறுவனங்களின் புதிய மாடல்களில் பிரைட்னஸ் என்ற பெயரை விளக்கின் வலுவுக்கு வைத்துவிட்டு, இந்த வேலைக்கு பிளாக் லெவல் என்ற வேறு பெயர் கொடுத்திருக்கிறார்கள். எண்ணை மாற்றும்போது திரை முழுவதும் ஒரேயளவில் ஒளிர்ந்தால் அது விளக்கு. இருண்ட பகுதிகள் மட்டும் வெளிறினால் அது கறுப்பு.

கொன்ட்ராஸ்ட் வெள்ளையின் எல்லை. இதற்கு நான் பயன்படுத்தியது கோயில் திருவிழா ஒளிபரப்பு ஒன்று. நண்பகல் வெயிலில் வெள்ளை வேட்டியுடன் நிற்பவர்களைக் காட்டும்போது படத்தை நிறுத்தினேன். கொன்ட்ராஸ்ட் 100இல் வேட்டிகள் எல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் இருந்தன. ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தபோது 88இல் மடிப்புகள் தெரியத் தொடங்கின, 85இல் கரையின் ஓரத்துச் சுருக்கமும் தெரிந்தது. அங்கேயே விட்டுவிட்டேன். உங்களுடைய எண் வேறாக இருக்கும். பெரும்பாலான பெட்டிகளில் 80க்கும் 95க்கும் இடையில் எங்காவது நிற்கும்.

7. நிறம்

கலர் டெம்பரேச்சர் என்பதை வார்ம் பக்கம் வையுங்கள். திரைப்படங்களையும் நிகழ்ச்சிகளையும் தயாரிக்கும் இடங்களில் வெள்ளைக்கு வைத்திருக்கும் அளவு 6500 கெல்வின். வார்ம்தான் அதற்கு அருகில் வரும். கூல் என்பதில் வெள்ளைச் சட்டை நீலம் போட்டுத் தோய்த்ததுபோல் தெரியும். கலர் என்ற எண்ணை நடுவில், அதாவது 50இல் வைத்து மனிதரின் தோலைப் பாருங்கள். புல்லையோ பூவையோ பார்த்து நிறத்தைத் தீர்மானிக்காதீர்கள். எந்தப் பச்சையையும் மனம் ஏற்றுக்கொள்ளும், தெரிந்த முகத்தின் நிறம் மாறினால் ஏற்றுக்கொள்ளாது. டின்ட் நடுவிலேயே இருக்கட்டும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட ஒளியைத் தீர்மானிக்கும் காமா என்று ஒன்று இருந்தால் விளக்கு எரியும் அறைக்கு 2.2, இருட்டறைக்கு 2.4.

8. ஷார்ப்னெஸ், நொய்ஸ் ரிடக்ஷன்

ஷார்ப்னெஸ் கூடினால் படம் கூர்மையாகாது, உருவங்களின் விளிம்பில் கோடுதான் கூடும். வானத்தின் பின்னணியில் தென்னோலை தெரியும் காட்சியில், ஓலையைச் சுற்றி வெள்ளை ஓரம் மறையும்வரை குறைத்துக்கொண்டு வாருங்கள். பல பெட்டிகளில் அது 0க்கும் 10க்கும் இடையில் முடியும், சோனியில் மட்டும் 50தான் நடுநிலை. படத்திலுள்ள புள்ளிகளை மழுப்பும் நொய்ஸ் ரிடக்ஷனை எச்.டி.க்கும் இணையப் படங்களுக்கும் அணையுங்கள். அன்ரனா அலைவரிசைக்கு மட்டும் லோ.

9. அசைவு

பழைய திரைப்படம்கூட நாடகத் தொடர்போல் வழுவழுவென்று நகர்கிறதா? அது மோஷன் ஸ்மூதிங் செய்யும் வேலை. திரைப்படத்தில் வினாடிக்கு 24 சட்டகங்கள். இடையில் இல்லாதவற்றைத் தொலைக்காட்சி தானே உருவாக்கிச் செருகுகிறது. எல்.ஜி.யில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி என்று பெயர். படம் பார்ப்பவர்கள் அணைத்துவிடுங்கள். கிரிக்கெட்டுக்குச் சிறிதளவு வைத்திருக்கலாம், ஆனால் அடித்த பந்தின் பின்னால் வால் முளைத்தால் அதையும் குறைத்துவிடுங்கள்.

10. இணையத்தில் பார்ப்பதற்கு

இதுவரை திருத்திய எண்கள் பல பெட்டிகளில் அந்த ஒரு இன்புட்டுக்கு (படம் வரும் வழிக்கு) மட்டுமே பொருந்தும். எச்.டி.எம்.ஐ. 1இல் திருத்தியது யூடியூப்பில் இருக்காது. அப்ளை டு ஓல் இன்புட்ஸ் என்ற தெரிவு இருந்தால் அழுத்துங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொன்றிலும் திரும்பச் செய்ய வேண்டும். எச்.டி.ஆர். (ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான வீச்சைக் கூட்டிக் காட்டும்) படம் ஓடும்போது தோன்றும் செட்டிங்ஸ் வேறொரு தொகுதி. அதில் பேக்லைட்டும் கொன்ட்ராஸ்ட்டும் உச்சத்தில் இருப்பது இயல்பு, விட்டுவிடுங்கள்.

வேகமும் பணமும் இங்கே கணக்கில் வரும். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கு 15 எம்.பி.பி.எஸ். (வினாடிக்கு மெகாபிட்) வேகத்தையும், 1080க்கு 5 எம்.பி.பி.எஸ். வேகத்தையும் பரிந்துரைக்கிறது, அத்தோடு 4கே அதன் உயர்ந்த கட்டணப் பொதியில் மட்டுமே கிடைக்கும். இரவு எட்டு மணிக்கு எல்லோரும் இணையத்தில் இருக்கும் நேரத்தில் படம் குழைந்தால், ரிமோட்டைத் தொடுவதற்கு முன் வேகத்தை அளந்து பாருங்கள். மென்பொருள் புதுப்பித்தல் வந்தால் கைபேசி ஹொட்ஸ்பொட்டில் போடாதீர்கள், அன்றைய டேட்டா முழுவதும் போய்விடும்.

11. செய்யக் கூடாதவை

ரிமோட்டில் சில எண்களை வரிசையாக அழுத்தி இரகசிய சேர்விஸ் மெனுவுக்குள் போகும் வழியைக் காணொளிகளில் காட்டுவார்கள். போகாதீர்கள். அங்கே ஒரு எண் பிசகினால் திரை திரும்ப எரியாமல் போகலாம், உத்தரவாதமும் கைவிட்டுப் போகலாம். இன்னொருவரின் எண்களை அப்படியே பிரதிசெய்வதும் வீண். ஒரே மாடலில்கூடத் திரைக்குத் திரை சிறு வேறுபாடு உண்டு, அவருடைய அறை உங்களுடையதுமல்ல.

திரையில் படியும் உப்புப் படலத்தைக் கண்ணாடி துடைக்கும் திரவத்தாலோ பத்திரிகைத் தாளாலோ துடைக்காதீர்கள். பெட்டியை அணைத்து, சூடு ஆறிய பின், மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும். எங்கள் வீட்டில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை துடைக்கிறோம். துடைத்த அன்றைக்குப் பேக்லைட்டை இரண்டு எண் குறைக்க வேண்டியிருக்கிறது.

12. எண்களைப் படம் எடுத்து வையுங்கள்

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு மெனுப் பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து, பற்றுச்சீட்டின் படத்தோடு சேர்த்து வையுங்கள். மென்பொருள் புதுப்பித்தலுக்குப் பின் சில பெட்டிகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. பிள்ளைகள் ரிமோட்டை அழுத்தி விளையாடும் வீட்டில் அதற்கு மென்பொருளும் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்குவதற்கு முன்பே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்; அப்போது அன்ரனா வயரையும் டிஷ்ஷிலிருந்து டிகோடருக்கு வரும் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். மழை விட்டுத் திரும்ப மாட்டும்போது டிகோடரின் ரெசலூஷன் 1080இல்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.